காரைக்குடி சிக்ரி யாருடையது? சி.எஸ்.ஐ.ஆர் பற்றி ஓர் எளிய விளக்கம்

மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளிடம் சி.எஸ்.ஐ.ஆர் என்று சொன்னால், "எப்போ பரீட்சை?" என்றுதான் கேட்பார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தகுதி பார்க்கும் நெட் தேர்வும், அதில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகையும்தான் அவர்களுக்குத் தெரிந்த சி.எஸ்.ஐ.ஆர். காரைக்குடிப் பக்கம் போனால் 'சிக்ரி' என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே பி.டெக் படிப்பு இருப்பதால், அதை ஒரு என்ஜினீயரிங் காலேஜ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. உண்மையில் அது சி.எஸ்.ஐ.ஆரின் ஆய்வகங்களில் ஒன்று. வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைக் கேட்கவே வேண்டாம். ராக்கெட், ஏவுகணை, தடுப்பூசி, புது நெல் ரகம் எல்லாமே "மத்திய அரசு விஞ்ஞானிகள்" என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகின்றன.

இந்தக் குழப்பத்தால் ஒரு நஷ்டம் இருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர் என்பது நம் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு பெரிய ஆராய்ச்சி அமைப்பு. அது என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால் அதைப் பாராட்டவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. அதனால் அடியிலிருந்து பார்க்கலாம்.

அரசு எதற்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும்?

ஒரு விவசாயி தன் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கிணறு வெட்டிக்கொள்வார். கண்மாயைத் தனியாளாக வெட்ட மாட்டார். கையில் பணம் இருந்தாலும் வெட்ட மாட்டார். கரை போடுவது ஒருவர், தண்ணீர் பாய்வது நூறு பேர் வயலில் என்றால் யார்தான் முன்வருவார்கள்? ஆனாலும் ஊருக்குக் கண்மாய் வேண்டும். அதனால்தான் அரசனோ, ஊர் கூடியோ, பிற்காலத்தில் பொதுப்பணித் துறையோ அந்த வேலையை எடுத்துச் செய்தார்கள்.

ஆராய்ச்சியிலும் இதே கணக்குத்தான். ஒரு பெயின்ட் கம்பெனி தன் பெயின்டின் பளபளப்பை மேம்படுத்த ஆராய்ச்சி செய்யும். அது கிணறு. கடலோரக் காற்றில் இரும்பு எந்த வேகத்தில் துருப்பிடிக்கிறது என்று வருஷக்கணக்கில் அளந்து பதிவு செய்ய எந்த கம்பெனியும் முன்வராது. அளந்து முடித்தால் அந்தத் தகவல் பாலம் கட்டுகிறவர், படகு கட்டுகிறவர், வீடு கட்டுகிறவர், போட்டி கம்பெனிக்காரர் என்று எல்லோருக்கும் பயன்படும். செலவு செய்தவருக்குத் தனி லாபம் இல்லை. இப்படிப்பட்ட வேலையைப் பொதுப்பணத்தில் செய்ய வைத்துக்கொள்ளும் நிரந்தர ஏற்பாட்டைத்தான் பொது ஆராய்ச்சி அமைப்பு என்கிறோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. கண்மாய்த் தண்ணீர் ஒருவர் வயலுக்குப் போனால் இன்னொருவருக்குக் குறையும். அறிவு அப்படிக் குறையாது. பொதுப்பணம் போடுவதற்கு அது இன்னும் வலுவான காரணம்.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே செய்வது அடிப்படை ஆராய்ச்சி. தெரிந்ததை வைத்து ஒரு பொருளையோ செய்முறையையோ உருவாக்குவது பயன்பாட்டு ஆராய்ச்சி. சி.எஸ்.ஐ.ஆர் இரண்டையும் செய்கிறது என்றாலும், அது பிறந்தது இரண்டாவதற்காக.

யுத்த காலத்துப் பிள்ளை

உலகில் இப்படிப்பட்ட அமைப்புகள் பலவும் போரும் நெருக்கடியும் துரத்திய காலத்தில் பிறந்தவை. முதல் உலகப் போரின் நடுவில், 1916-ல் பிரிட்டன் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக்கென்று ஒரு தனித் துறை தொடங்கியது. ஆஸ்திரேலியா 1926-ல் தொடங்கிய அமைப்புக்கும் சி.எஸ்.ஐ.ஆர் என்றே பெயர். 1949-ல் அது சி.எஸ்.ஐ.ஆர்.ஓ ஆனது. பிரான்ஸ் தன் தேசிய ஆராய்ச்சி மையத்தை 1939 அக்டோபரில், போர் மூண்ட அடுத்த மாதமே அமைத்தது.

இந்தியாவிலும் அதே கதைதான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த ரசாயனம், மருந்து, கருவி எல்லாம் தட்டுப்பாடானது. அப்போது வைஸ்ராய் நிர்வாக சபையில் வணிகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சர் ஆற்காடு இராமசாமி முதலியார். ஆராய்ச்சிக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர் விடாமல் வலியுறுத்தினார். அதன் பலனாக 1940-ல் அறிவியல், தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்தது. லாகூரில் வேதியியல் பேராசிரியராக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதற்கு இயக்குநராக வந்தார்.

பட்நாகரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெட்ரோலியக் கிணறு தோண்டும்போது துளைக்குள் சேற்றுக் குழம்பு ஒன்றைச் செலுத்துவார்கள். வடமேற்கில் அட்டாக் பகுதியில் அந்தக் குழம்பு பூமிக்கடியில் உப்பைத் தொட்டதும் இறுகிப்போய் வேலையையே நிறுத்தியது. இந்தியப் பிசின் ஒன்றைக் கலந்தால் குழம்பு இறுகாது என்று பட்நாகர் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்காக கம்பெனி கொடுத்த 1,50,000 ரூபாயைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். ஆய்வுக்கூடத்துக்கும் களத்துக்கும் நடுவில் நின்று வேலை செய்யத் தெரிந்தவர். பின்னால் வந்த அமைப்பின் குணமே அதுதான்.

1941-ல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வீதம் 5 ஆண்டுகளுக்கு ஒரு தொழில் ஆராய்ச்சி நிதிக்கு மத்திய சட்டசபை ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1942 செப்டம்பர் 26-ல் சி.எஸ்.ஐ.ஆர் பிறந்தது. தமிழில் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் என்று சொல்லலாம்.

அரசுத் துறையா, தனி அமைப்பா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. சி.எஸ்.ஐ.ஆர் கலெக்டர் ஆபீஸ் போல ஓர் அரசுத் துறை கிடையாது. 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். சாதாரண சங்கங்களைப் பதிவு செய்யும் அதே வகைச் சட்டம். பணத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் வழியாக வருகிறது. பிரதமர் பதவியில் இருப்பவரே அதன் தலைவர். ஆனால் எந்த ஆராய்ச்சியை எடுப்பது, யாரைச் சேர்ப்பது, எந்த ஆலையோடு ஒப்பந்தம் போடுவது என்பவற்றை அந்த அமைப்பே தன் விதிகளின்படி முடிவு செய்கிறது. பணம் அரசுடையது, அன்றாட முடிவு அமைப்புடையது என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் தன்னாட்சி.

ஏன் இப்படி? ஆராய்ச்சி எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்கிற கோப்பு வழக்கத்தில் அதை நடத்தினால் எதுவும் உருப்படாது. அரசிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி வைத்திருப்பதன் காரணம் அதுதான். நடைமுறையில் அந்தத் தூரம் எப்போதும் போதுமான அளவு இருந்திருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யோசனை சரியான யோசனை.

இதுவரை பார்த்தது: தனியார் செலவு செய்ய முன்வராத ஆராய்ச்சியை நாட்டுக்காகச் செய்ய 1942-ல் தொடங்கிய பதிவுபெற்ற சங்கம் சி.எஸ்.ஐ.ஆர். பணம் பெரும்பாலும் அரசுடையது, நிர்வாகம் தன்னாட்சி. இன்று அதன் கீழ் நாடு முழுக்க 37 ஆய்வகங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று நமக்குப் பக்கத்தில்.

காரைக்குடிக்கு எப்படி வந்தது?

சுதந்திரம் வந்ததும் ஆய்வகங்களை எங்கெங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தது. பெரிய நகரங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. புனேயில் வேதியியல், டெல்லியில் இயற்பியல், மைசூரில் உணவு, சென்னையில் தோல் என்று முடிவானது. மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்ததற்குக் காரணம் ஒரு தனி மனிதர். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்தார். அந்தக் காலத்துப் 15 லட்சம்! 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் நாட்டுக்கு அர்ப்பணித்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப் பெயர். ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்துப் படித்தால் சிக்ரி.

பொது அமைப்பு என்றால் முழுக்க அரசே உருவாக்கியது என்று எண்ணிவிடக் கூடாது. செட்டிநாட்டு வணிகத்தில் சேர்ந்த பணம் ஒரு தேசிய ஆய்வகத்தின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. இந்தச் சங்கதி நம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே இருந்திருக்க வேண்டும்.

மின்வேதியியல் என்பது மின்சாரத்துக்கும் ரசாயன மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் படிக்கும் துறை. பேட்டரி, மின்முலாம், துரு, காஸ்டிக் சோடா தயாரிப்பு எல்லாம் இதற்குள் வரும். சிவகாசி, சாத்தூர் பக்கம் தீக்குச்சி மருந்தில் சேர்க்கும் பொட்டாசியம் குளோரேட்டும் மின்சாரத்தைச் செலுத்திப் பிரிக்கும் முறையில் உருவாவதுதான்.

மண்டபத்தில் என்ன நடக்கிறது?

ஓர் ஆய்வகம் என்னதான் செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க, ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் என்ற கடலோர ஊர்தான் நல்ல இடம். பாம்பன் கடற்பகுதி உலகிலேயே இரும்பை வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று. சிக்ரிக்கு அங்கே துரு சோதனைக் களம் இருக்கிறது.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? கடல் காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துளிகள் இரும்பின் மேல் படிகின்றன. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் உருவாகிறது. அந்தப் படலத்துக்குக் கீழே, இரும்பின் ஓர் இடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. இன்னோர் இடத்தில் காற்றின் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. ஒரு முனை கொடுக்கிறது, ஒரு முனை வாங்குகிறது, நடுவில் உப்பு நீர் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு துருப்புள்ளியும் நிஜமாகவே ஒரு சின்ன பேட்டரி. கரைந்த இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து செம்பழுப்புத் தூளாக வெளியே தெரிகிறது. துருவைப் பற்றி ஆராய மின்வேதியியல்காரர்கள் ஏன் வருகிறார்கள் என்பது இப்போது புரியும்.

சோதனை பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். கையகல உலோகத் தகடுகளைச் சுத்தம் செய்து, துல்லியமாக எடை போட்டு, எண் குறித்து, சாய்வான சட்டங்களில் வரிசையாக மாட்டி வெயிலிலும் கடல் காற்றிலும் விட்டுவிடுவார்கள். வெறும் இரும்பு ஒன்று, துத்தநாகம் பூசியது ஒன்று, புது பெயின்ட் அடித்தது ஒன்று என்று பல வகை. மாதங்கள், வருஷங்கள் போன பிறகு எடுத்து, துருவை ரசாயனத்தில் கழுவி நீக்கி, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடையிலிருந்து, ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் உலோகம் போகிறது என்று கணக்கு வரும். இந்த எண் இல்லாமல் ஒரு பாலத்துக்கு எவ்வளவு கனமான இரும்பு வேண்டும், எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்க வேண்டும் என்று எந்த என்ஜினீயரும் சொல்ல முடியாது.

வீட்டுக் கூரைக்கும் இது பொருந்தும். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும் பொருள். அது உள்ளிருந்து நெட்டித் தள்ளுவதால்தான் கடலோர ஊர்களில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. கம்பி கட்டும் முன்பே அதன் மேல் பூசும் சிமென்ட்-பாலிமர் பூச்சு ஒன்றை சிக்ரி உருவாக்கிக் கொடுத்தது. கட்டட வேலைகளில் சி.பி.சி.சி பூச்சு என்று சொல்வது அதைத்தான்.

இதே மண்டபத்தில் சி.எஸ்.ஐ.ஆரின் இன்னோர் ஆய்வகத்துக்கும் கிளை உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் இருக்கும் உப்பு, கடல் ரசாயன ஆய்வகம் இங்கே கடற்பாசி நிலையம் வைத்திருக்கிறது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, அதில் கப்பாஃபைகஸ் என்ற பாசியின் துண்டுகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, சுமார் 45 நாளில் அறுவடை செய்யும் முறை அங்கிருந்து பரவியது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் குழுக்களுக்கு அது வருமானமானது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனன் என்ற பொருள் அந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது. அதே பாசி மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை மேல் படர்கிறது என்று 2008-ல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். ஆய்வகத்திலிருந்து வந்தது என்பதால் ஒன்று கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அந்தக் கேள்வியை எழுப்பியதும் ஆராய்ச்சிதான்.

பெயர்ப் பலகைகளைப் பிரித்துப் படிப்பது

மண்டபத்திலேயே மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அது சி.எஸ்.ஐ.ஆர் கிடையாது, வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆரைச் சேர்ந்தது. மதுரை சின்ன சொக்கிகுளத்தில் கொசுவால் பரவும் நோய்களை ஆராய்ந்த மையம், மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருடையது. ராக்கெட் விடும் இஸ்ரோ விண்வெளித் துறையின் கீழ் வருகிறது, ஏவுகணை செய்யும் டி.ஆர்.டி.ஓ பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வேளாண்மை, மருத்துவம், விண்வெளி, அணுசக்தி, ராணுவம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. மீதியுள்ள தொழில் சார்ந்த அறிவியலில் பெரும்பகுதி சி.எஸ்.ஐ.ஆரிடம் என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பு வராது.

நெட் தேர்வு எங்கே வருகிறது? ஆராய்ச்சி செய்ய ஆள் வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை கொடுப்பது சி.எஸ்.ஐ.ஆரின் பணிகளில் ஒன்று. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே பிஎச்.டி. செய்யலாம், சிக்ரி போன்ற ஆய்வகத்துக்குப் போயும் செய்யலாம். தேர்வு என்பது வாசல்படி. வீடு உள்ளே இருக்கிறது.

ஆய்வகத்திலிருந்து கடைக்கு

தேர்தலில் விரலில் வைக்கும் மை எல்லோருக்கும் தெரிந்தது. அதை வைத்து முழு வழியையும் சொல்லிவிடலாம். டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆரின் தேசிய இயற்பியல் ஆய்வகம் அதை உருவாக்கியது. அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாக மாறி, வெளிச்சம் பட்டதும் கருத்துவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. நகம் வளர்ந்து, தோல் உதிர்ந்தால்தான் போகும். ஆய்வகம் மையை விற்கவில்லை. செய்முறையைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி, அதாவது உரிமம், கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் ஆலைக்குப் போனது. 1962 தேர்தலிலிருந்து அங்கேதான் தயாராகிறது.

மற்றவையும் இந்த வழியில்தான் போக வேண்டும். ஆய்வகக் குடுவையில் ஒரு லிட்டர் செய்து பார்ப்பது ஒன்று, ஆலையில் ஆயிரம் லிட்டர் செய்வது வேறு. பெரிதாகச் செய்யும்போது சூடு ஒரே சீராகப் பரவாது, கலவை சமமாகக் கலக்காது, செலவு எகிறும். அதனால் நடுவில் சிறிய அளவில் ஓர் ஆலை கட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பைலட் பிளான்ட் என்பது அதுதான். நிறைய நல்ல கண்டுபிடிப்புகள் இந்தப் படியில் நின்றுபோகின்றன. ஆய்வகத்துக்கு இதற்கு மேல் பணம் இல்லை, ஆலைக்காரருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்ற நிலையில் மாட்டிக்கொள்கின்றன.

சி.எஸ்.ஐ.ஆர் மேல் உள்ள பழைய குறையும் இதுவே. தொழிலுக்காகத் தொடங்கிய அமைப்பு, தொழிலிடமிருந்து விலகி நிற்கிறது என்றார்கள். 1986-ல் அபித் உசேன் குழு, செலவில் மூன்றில் ஒரு பங்கையாவது வெளியிலிருந்து ஆய்வகங்களே சம்பாதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். ஆலைகள் காசு கொடுத்துக் கேட்கும் அளவுக்கு வேலை பயனுள்ளதாக இருக்க வேண்டும், சரி. ஆனால் மண்டபத்துத் தகடுகளை வருஷக்கணக்கில் எடை போட யார் காசு கொடுப்பார்கள்?

மஞ்சள் விஷயத்தில் நடந்தது

சி.எஸ்.ஐ.ஆர் செய்த இன்னொரு வகை வேலையும் உண்டு, அதைப் பற்றித் தவறாகப் பேசுவதும் உண்டு. "மஞ்சளையே அமெரிக்கா சொந்தமாக்கிக்கொண்டது" என்பார்கள். நடந்தது அதில்லை. காப்புரிமை என்பது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அரசு கொடுக்கும் தனி உரிமை. 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் காயம் ஆற்றப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் அது கிடைத்தது. நம் ஊர்ப் பாட்டி எல்லோரும் செய்வதுதானே என்று சொன்னால் மட்டும் போதாது; அச்சில் ஆதாரம் வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர் 32 சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தது. பழைய சமஸ்கிருத நூல்களும் 1953-ல் இந்திய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையும் அவற்றில் அடக்கம். 1997-ல் காப்புரிமை ரத்தானது. ஒவ்வொரு முறையும் இப்படி ஓட முடியாது என்பதால், சித்தா, ஆயுர்வேதம், யுனானி மருந்து முறைகளை உலகக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கும் வகையில் ஒரு மின்நூலகத்தையே பிறகு உருவாக்கினார்கள்.

ஆக, இந்த அமைப்பின் வேலை மூன்று வகை: பொதுத் தகவலை அளந்து சேர்ப்பது, செய்முறையை உருவாக்கி ஆலைக்குக் கொடுப்பது, நாட்டின் அறிவுச் சொத்துக்குக் காவல் நிற்பது. ஆள் தயாரிப்பது இதெல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது.

செய்தி வந்தால் என்ன கேட்பது?

"சி.எஸ்.ஐ.ஆர் கண்டுபிடித்தது" என்று ஒரு தகவல் வந்தால் முதலில் எந்த ஆய்வகம் என்று பாருங்கள். பெயரே இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். அடுத்து, அது குடுவை அளவில் இருக்கிறதா, பைலட் பிளான்ட் தாண்டிவிட்டதா, எந்த ஆலைக்கு உரிமம் போயிருக்கிறது என்று பாருங்கள். உரிமம் போன பிறகும் கடையில் கிடைக்கவில்லை என்றால் காரணத்தைக் கேட்கலாம். நம் பணம், கேட்கலாம்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர் நிறுவன நாளை ஒட்டி ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். சிக்ரிக்கு முன்கூட்டிக் கடிதம் எழுதித் தேதியை உறுதி செய்துகொண்டு, மதுரை மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருந்தால் பரீட்சை பயத்தில் எதையும் கவனிக்க மாட்டார்கள்.